வானின் கணக்கர்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

விண்மீன்கள் என்றும் மாறாதவை என்பது பொதுவான எண்ணம். ஆனால், அவற்றுள் பல ஒளி கூடியும் குறைந்தும் நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அம்மாற்றங்களைக் கண்டு எழுதிவைத்தவர்களுள் பலர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலில் பிற பணிகளைச் செய்து, இரவில் வானை நோக்கியவர்கள் அவர்கள். அத்தகையோரின் உழைப்பையும், அவர்கள் கையாண்ட முறையையும் இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

உக்கடத்து வானம்

கோயம்புத்தூரின் தெற்கு வாயில் உக்கடம். நொய்யல் நீரால் நிறையும் பெரியகுளம் ஒருபுறம். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் புறப்படும் பேருந்துகள் ஒருபுறம். இடையே நெடிய மேம்பாலம். தை மாத மாலையில் அக்குளக்கரையில் நின்று கிழக்கு வானை நோக்கினால், நகரத்தின் விளக்கொளியையும் மீறிச் சில விண்மீன்கள் கண்ணில் படும். அவற்றுள் ஒன்று சற்றே செந்நிறமாக ஒளிரும். அதுவே திருவாதிரை.

திருவாதிரை நாளை ஆண்டுதோறும் கொண்டாடும் நாடு நம்முடையது. எனினும், அவ்விண்மீனின் ஒளி மாறக்கூடியது என்பதைக் கவனித்தவர் மிகச் சிலரே. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது வழக்கத்தினும் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி, வழக்கமான அளவில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கருவி ஏதுமின்றி வெறுங்கண்ணாலேயே உணரத்தக்க மாற்றம் அது. தொழில்முறை ஆய்வாளர்களோடு உலகெங்கும் உள்ள வானியல் ஆர்வலர்களும் இரவுதோறும் அதன் ஒளியை மதிப்பிட்டு எழுதினர். விண்மீன் வெளியே உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தின் ஒரு பகுதியை மறைத்ததே அம்மங்கலுக்குக் காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது. ஓர் இரவின் குறிப்பைக் கொண்டு அம்முடிவை எட்டியிருக்க இயலாது. பல ஆண்டுக் குறிப்புகள் இருந்தமையால்தான் ‘வழக்கத்தினும் மங்கல்’ என்று சொல்லவே முடிந்தது.

மாறொளி விண்மீன்கள்

காலப்போக்கில் ஒளி மாறும் விண்மீன் ‘மாறொளி விண்மீன்’ எனப்படும். ஒளி மாறுவதற்கான காரணங்கள் பல.

இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஒன்று மற்றொன்றை மறைப்பதால் ஒளி குறைவது ஒரு வகை. அல்கோல் என்னும் விண்மீன் இதற்குச் சிறந்த சான்று. அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி மீள்கிறது. இந்தக் கால ஒழுங்கை 1783இல் உலகுக்கு அறிவித்தவர் ஜான் குட்ரிக். இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த அவர், குழந்தைப் பருவம் முதலே காது கேளாதவர். அல்கோலைக் கவனிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. ஒரு விண்மீனை மற்றொன்று மறைப்பதால் இந்த மங்கல் நேரலாம் என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். அவ்வாண்டே இலண்டன் அரசுக் கழகம் அவருக்குக் காப்ளிப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 21 வயதில் மறைந்த அவருடைய குறிப்பேடுகள் இன்றும் வானியல் வரலாற்றின் பகுதியாக வாழ்கின்றன.

விண்மீனே விரிந்தும் சுருங்கியும் துடிப்பதால் ஒளி மாறுவது மற்றொரு வகை. 1784இல் குட்ரிக் கண்ட டெல்டா செஃபி இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய விண்மீன்களின் துடிப்புக் காலத்துக்கும் உண்மையான ஒளிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஹார்வர்டு வானாய்வகத்தில் பணியாற்றிய ஹென்ரியட்டா லெவிட் 1912இல் நிறுவினார். அந்தத் தொடர்பே அண்டத்தின் தொலைவுகளை அளக்கும் அளவுகோலாயிற்று.

மூன்றாம் வகை நோவா. இலத்தீன் மொழியில் இதற்குப் ‘புதியது’ என்பது பொருள். ஆனால், புதிதாக எந்த விண்மீனும் பிறப்பதில்லை. தன் வாழ்வின் இறுதிநிலையை எட்டிய வெண்குறுமீன் ஒன்று, அருகில் உள்ள துணை விண்மீனிலிருந்து ஹைட்ரஜன் வளிமத்தை ஈர்த்துத் தன் மேற்பரப்பில் சேர்த்துக்கொண்டே இருக்கும். சேர்ந்த வளிமத்தின் அழுத்தமும் வெப்பமும் ஓர் எல்லையைத் தாண்டியதும் அணுக்கருப் பிணைவு ஏற்பட்டு அது வெடிக்கும். அதுவரை கண்ணுக்குப் புலப்படாத விண்மீன் ஓரிரு நாளில் பல்லாயிரம் மடங்கு ஒளிரும். பின்னர் மெல்ல மங்கும். வெண்குறுமீன் அழிவதில்லை. ஆதலால், மீண்டும் வளிமம் சேரத் தொடங்கும். விண்மீனின் பேரழிவாகிய சூப்பர்நோவாவிலிருந்து நோவா வேறுபடுவது இதனால்தான்.

நோவா எங்கே, எப்போது தோன்றும் என்பதை எவரும் நாள் குறித்துச் சொல்ல இயலாது. பெரிய தொலைநோக்கிகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றின் ஒவ்வோர் இரவும் முன்கூட்டியே பங்கிடப்பட்டிருக்கும். வானின் ஒரு சிறு பகுதியையே அவை ஒருநேரத்தில் காணும். எனவேதான், வானம் முழுவதையும் அறிந்த ஆர்வலரின் கண்களுக்கு அறிவியலில் நிலையான இடம் கிடைத்தது. தானியங்கிக் கருவிகள் பெருகிய இக்காலத்திலும் அந்த இடம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

தெரியுமா?

ஒளித்தரத்தில் எண் குறையக் குறைய ஒளி மிகும். முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட 100 மடங்கு ஒளிமிக்கது. ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே உள்ள விகிதம் ஏறத்தாழ 2.512. இதனை 1856இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்சன். அவர் 1861 முதல் 1891இல் மறையும்வரை சென்னை வானாய்வகத்தின் தலைவராக விளங்கினார். 1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அவர் முகாமிட்ட இடம் கொங்குநாட்டின் அவிநாசி.

சென்னை வானாய்வகத்தில் ஒரு கண்டுபிடிப்பு

போக்சனின் உதவியாளராகச் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இளம் வயதில் பணியில் சேர்ந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தவர். விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியலிடும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, விண்மீன் ஒன்றின் ஒளி முன்பு குறிக்கப்பட்டதிலிருந்து வேறுபட்டிருப்பதை அவர் கவனித்தார். தம் கண்ணை ஐயுறாமலும், பழைய குறிப்பைத் தள்ளிவிடாமலும் இரண்டையும் ஒப்பிட்டார். அது மாறொளி விண்மீன் என்பது 1867இல் தெளிவாயிற்று. ‘ஆர் ரெட்டிகுலி’ எனப் பெயர் பெற்ற அவ்விண்மீன், அக்கால அறிவியல் முறைப்படி இந்தியர் ஒருவர் கண்டறிந்த முதல் மாறொளி விண்மீனாகப் போற்றப்படுகிறது.

இக்கண்டுபிடிப்பில் இடத்தின் சிறப்பும் அடங்கியுள்ளது. ஆர் ரெட்டிகுலி தென்வானின் ஆழத்தில் இருப்பது. இலண்டனிலோ பாரிசிலோ அது தொடுவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. சென்னையில் அது தெற்குத் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 14 பாகை உயரம் எழும். சற்றுத் தெற்கே உள்ள கோயம்புத்தூரில் 16 பாகை. ஐரோப்பியப் பேராய்வகங்களுக்கு எட்டாத வானம் தமிழ்நாட்டில் வாழ்வோருக்கு எட்டும் என்பதை ரகுநாதாச்சாரியின் பணி காட்டியது. 1872இல் அவர் இலண்டன் அரசு வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

கண்ணால் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின்படி அவர் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். ‘திருக்’ என்னும் வடசொல்லுக்குப் ‘பார்வை’ என்பது பொருள். 1874இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்த நிகழ்வை மக்களுக்கு விளக்க அவர் எழுதிய சிறுநூல், ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. தாம் அறிந்ததை மக்களுக்குச் சொல்வதையும் வானியலாளரின் கடமையாகவே அவர் கருதினார்.

கருவூலத்தில் ஒரு வானியலாளர்

ரகுநாதாச்சாரிக்கு ஆய்வகம் இருந்தது; கருவிகள் இருந்தன. இவை எவையும் இல்லாத ஒருவர் வங்காளத்தில் வாழ்ந்தார். இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசோருக்கு அருகில், பாக்சர் என்னும் ஊரில் 1878இல் பிறந்த ராதா கோபிந்த சந்திரா பள்ளி இறுதியில் எழுதும் நுழைவுத் தேர்வில் மும்முறை தோற்றார். கல்லூரியின் வாயில் அவருக்கு அடைபட்டது. ஜெசோர் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் சிறு பணியில் சேர்ந்தார். பகலெல்லாம் நல்ல நாணயத்தையும் போலி நாணயத்தையும் பிரித்தறிந்தவர், இரவானதும் வான்படத்தைக் கையில் ஏந்தி விண்மீன்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். 1910இல் தோன்றிய ஹாலி வால்மீனைத் தொடர்ந்து நோக்கிக் குறிப்புகள் எழுதினார். 1912இல் தம் சிறிய ஊதியத்திலிருந்து சேர்த்த பணத்தைக் கொண்டு இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார்.

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் இரவு. திருவோண விண்மீன் அமைந்த கழுகுக் கூட்டத்தில், வான்படத்தில் இல்லாத ஒளிமிக்க விண்மீன் ஒன்றை அவர் கண்டார். வான்படத்தை முழுமையாக மனத்தில் பதித்தவருக்கே அத்தகைய வேறுபாடு கண்ணில் படும். அதே காலத்தில் உலகின் வேறு சில இடங்களிலும் அது காணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய நோவாக்களுள் மிகுந்த ஒளியுடையது அதுவே. சந்திரா தம் குறிப்புகளை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அக்கடிதம் அவர் வாழ்வை மாற்றியது. 1911இல் தோன்றிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் அவரைத் தம் உறுப்பினராக ஏற்றது. ஜெசோரிலிருந்து அவர் அனுப்பிய குறிப்புகளின் தரத்தைக் கண்ட அச்சங்கம், 1926இல் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பியது. தேர்வு மும்முறை ஒதுக்கிய ஒருவரை, அவர் முகத்தை ஒருமுறையும் கண்டிராத அறிஞர்கள் எழுத்தின் நேர்மை ஒன்றையே சான்றாகக் கொண்டு ஏற்றனர். 1928இல் பிரெஞ்சு அரசும் அவரைச் சிறப்பித்தது. 1919 முதல் 1954 வரை அவர் எழுதி அனுப்பிய மாறொளி விண்மீன் மதிப்பீடுகள் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவை.

ஒரு தொலைநோக்கியின் பயணம்

நாட்டுப் பிரிவினைக்குப் பின் சந்திரா மேற்கு வங்காளத்தில் குடியேறினார். முதுமையில் தொடர்ந்து நோக்க இயலாத நிலை வந்தபோது, அந்தத் தொலைநோக்கியை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார். அதைப் பெற்றவர், அப்போது நைனிதாலில் பணியாற்றிய வேணு பாப்பு.

சென்னையில் 1927இல் பிறந்த வேணு பாப்புவின் தந்தை ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். அத்தந்தையிடம் வானை நோக்கக் கற்ற மகன், மாணவப் பருவத்திலேயே மாறொளி விண்மீன்களை நோக்கி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், இரவு வானை ஆராய ஏற்ற இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். சந்திராவின் தொலைநோக்கியும் பின்னர்க் காவலூர் வந்து சேர்ந்தது. இன்று அங்கே 2.34 மீட்டர் விட்டமுடைய பெரிய தொலைநோக்கி வேணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் வரலாற்றில், கருவூலப் பணியாளர் ஒருவரின் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு.

அளந்து எழுதும் முறை

மாறொளி விண்மீனின் ஒளியை மதிப்பிடும் முறை எளியது. ஆனால், ஒழுங்கைக் கோருவது. முதலில் கண்களை இருளுக்குப் பழக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். குறிப்பெழுதச் சிவப்புத் தாள் சுற்றிய மங்கலான கைவிளக்கே ஏற்றது. பின்னர், ஒளி மாறாத இரண்டு விண்மீன்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று மாறொளி விண்மீனைவிடச் சற்று ஒளிமிக்கதாகவும், மற்றொன்று சற்று மங்கியதாகவும் இருத்தல் நன்று. மூன்றும் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்து நிற்கும் விண்மீனைக் காற்று மண்டலம் மங்கச் செய்யும்.

எடுத்துக்காட்டாக, திருவாதிரையின் ஒளி 0.4 தரமுள்ள புரோசியானுக்கும் 0.9 தரமுள்ள ரோகிணிக்கும் இடையில் இருப்பதாகக் கொள்வோம். இடைவெளியை ஐந்து பங்காக்கினால் புரோசியானிலிருந்து இரண்டு பங்கு கீழே திருவாதிரை உள்ளது எனக் கண் சொல்லுமாயின், அதன் ஒளித்தரம் 0.6. செந்நிற விண்மீனை நெடுநேரம் உற்றுநோக்கினால் அது உண்மையைவிட ஒளிமிக்கதாகத் தோன்றும். ஆதலால் பார்வையை மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டும்.

மதிப்பீட்டோடு நாள், நேரம், ஒப்பிட்ட விண்மீன்கள், வானத்தின் நிலை ஆகியவற்றையும் எழுத வேண்டும். உலகெங்கும் உள்ளோரின் குறிப்புகள் ஒன்றுசேர வேண்டுமாதலால் நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்படும். கோவையில் இரவு 8.30 மணி எனில், உலகப் பொது நேரம் பிற்பகல் 3.00 மணி. நேற்றைய மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு இன்றைய மதிப்பீட்டை எழுதுவது பெரும்பிழை. எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றும்.

புதிய விண்மீனைக் கண்டதாக எண்ணுவோர் உடனே அறிவித்துவிடுவதில்லை. அது கோளா, சிறுகோளா, ஏற்கெனவே அறியப்பட்ட மாறொளி விண்மீனா, கண்ணாடியில் எழுந்த போலிப் பிம்பமா என்பதை முதலில் சோதிப்பர். இயன்றால் வேறொருவரையும் பார்க்கச் சொல்வர். அதன் பின்னரே பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் அறிவிப்பு மையத்துக்கு எழுதுவர். நாணயத்தைத் தட்டிப் பார்த்த பின்னரே கணக்கில் சேர்ப்பது போன்றது இது.

‘காணவில்லை’ என்னும் குறிப்பு

ஆர்வலரின் ஏட்டில் மிகுதியாக இடம்பெறும் சொல் ‘காணவில்லை’ என்பதே. பயனற்றதாகத் தோன்றும் இச்சொல்லின் மதிப்பை 1866ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்தியது. அவ்வாண்டு மே 12 இரவு, வடமகுடக் கூட்டத்தில் புதிய விண்மீன் ஒன்று ஒளிர்வதை அயர்லாந்தின் ஆர்வலர் ஜான் பர்மிங்காம் கண்டார். அதே இரவில் சில மணி நேரத்துக்கு முன் ஏதென்ஸ் நகரில் வானை நோக்கிய ஜூலியஸ் சுமித், அவ்விடத்தில் அத்தகைய விண்மீனைக் காணவில்லை என்று பதிவு செய்திருந்தார். ஒருவர் கண்டதும் மற்றவர் காணாததும் சேர்ந்தபோதுதான், அவ்விண்மீன் சில மணி நேரத்தில் அத்துணை ஒளியை எட்டியது என்னும் உண்மை வெளிப்பட்டது.

‘டி வடமகுடம்’ எனக் குறிக்கப்படும் அவ்விண்மீன் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெடிக்கும் மீள்நோவா. 1946 பிப்ரவரியில் அது மீண்டும் ஒளிர்ந்தபோது கண்டவர்களுள் வேல்ஸ் நாட்டுப் பதினைந்து வயது மாணவர் ஒருவரும் உண்டு. தம் அறையின் சன்னல் வழியே கண்டதை அவர் அரசு வானியலாளருக்குக் கடிதமாக எழுதினார். பொதுவாகப் பத்தாம் தரத்தில் தொலைநோக்கிக்கு மட்டுமே புலப்படும் அவ்விண்மீன், வெடிக்கும்போது இரண்டாம் தரத்தை எட்டும். ஒரு வாரத்துக்குள் வெறுங்கண்ணுக்கு மறையும். அந்த வாரத்தில் வானை நோக்காதவர் அடுத்த வெடிப்புக்கு ஒரு வாழ்நாள் காத்திருக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி மாத இரவுகளில் சுவாதிக்கும் அபிஜித்துக்கும் இடையே, அரைவட்டமாக அமைந்த வடமகுடத்தைக் கொங்குநாட்டில் நன்கு காணலாம். ஆனித் திங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவ மேகங்கள் கோவை வானை மூடும். அப்போது வேறோர் ஊரில் வானம் தெளிந்திருக்கும். ஓர் ஊரில் விட்ட கணக்கை மற்றோர் ஊர் எழுதும். ஆர்வலர்கள் உலகெங்கும் பரவியிருக்க வேண்டிய தேவை இதுவே.

இருளும் ஒரு செல்வம்

இன்று உக்கடத்தில் நிற்போருக்கு மங்கலான விண்மீன்கள் தெரிவதில்லை. மேல்நோக்கி வீணாகும் விளக்கொளி வானைக் கழுவிவிடுகிறது. இதனை ‘ஒளி மாசு’ என்பர். விளக்கின் ஒளியைத் தரைநோக்கித் திருப்பும் மூடிகளும், தேவையற்ற நேரத்தில் விளக்கை அணைக்கும் பழக்கமும் இம்மாசைக் குறைக்கும். ஆயினும், திருவாதிரையும் ரோகிணியும் அல்கோலும் இன்றும் நகரத்துக்குள்ளிருந்தே தெரிகின்றன. அவற்றைக் கணக்கெடுக்கத் தொலைநோக்கி வேண்டியதில்லை. ஒரு மொட்டைமாடியும் குறிப்பேடும் போதும்.

ராதா கோபிந்த சந்திரா 1975இல் மறைந்தார். அவர் எழுதிய மதிப்பீடுகள், உலகெங்கும் உள்ளோர் எழுதிய பல கோடி மதிப்பீடுகளோடு சேர்ந்து இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஒரு விண்மீன் நூறாண்டுக்கு முன் எவ்வாறு ஒளிர்ந்தது என்பதை இன்றைய எந்தப் பெரிய கருவியாலும் திரும்பிச் சென்று காண இயலாது. அன்றிரவு விழித்திருந்து, கண்டதைக் கண்டபடி எழுதியவரின் ஏடு ஒன்றே அதற்குச் சான்று. இன்றிரவுக்கான சான்றை எழுத வேண்டியவர் இன்று வாழ்பவரே.

கற்பவை கற்றபின்...

1. தெளிந்த இரவுகள் பத்தினைத் தேர்ந்து, திருவாதிரையின் ஒளியைப் புரோசியான், ரோகிணி ஆகியவற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடுக. நாள், நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றுடன் அட்டவணைப்படுத்துக. மேகம் மூடிய இரவுகளையும் தவறாது குறிக்க.

2. அல்கோல் நான்காம் தேதி பின்னிரவு 1.00 மணிக்கு மிக மங்கியிருப்பின், அடுத்த இரு மங்கல்கள் ஆறாம் தேதி இரவு 9.49 மணிக்கும் ஒன்பதாம் தேதி மாலை 6.38 மணிக்கும் நிகழும். இவ்விடைகளைக் கணக்கிட்டுச் சரிபார்த்து, அவற்றுள் எதனை நன்கு காண இயலும் எனக் காரணத்துடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் தெருவில் ஒளி மாசைக் குறைக்கும் வழிகளைப் பரிந்துரைத்து உள்ளாட்சி அமைப்புக்குக் கடிதம் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. நோவாவும் சூப்பர்நோவாவும் எவ்வாறு வேறுபடுகின்றன?

2. ஆர் ரெட்டிகுலியை ஐரோப்பியப் பேராய்வகங்கள் காண இயலாமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. ‘காணவில்லை’ என்னும் குறிப்பும் அறிவியல் சான்றாகும் என்பதை 1866ஆம் ஆண்டு நிகழ்வு கொண்டு நிறுவுக.

2. நேற்றைய மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு இன்றைய மதிப்பீட்டை எழுதலாகாது. ஏன்?

நெடுவினா

தேர்வில் தோல்வியுற்ற ராதா கோபிந்த சந்திராவை உலக வானியலாளர்கள் ஏற்றமைக்கான காரணங்களைப் பாடப்பகுதி கொண்டு விளக்கி, அவர் வாழ்க்கை உணர்த்துவனவற்றைத் தொகுத்து எழுதுக.